வானில் பிறந்த வழக்குகள்

ஆங்கில நாளேடுகளைப் படிப்போர் சில சொல்வழக்குகளை அடிக்கடி காண்பர். பங்கு விலை 'நோஸ்டைவ்' அடித்தது என்பர். நிறுவனம் 'டெயில்ஸ்பின்'னில் சிக்கியது என்பர். விவரமறியாது முடிவெடுப்பதை 'ஃப்ளையிங் பிளைண்ட்' என்பர். இவை யாவும் விமானிகளின் பேச்சில் பிறந்தவை. 1903இல் ரைட் சகோதரர் பறந்த பின்னரே வளர்ந்த ஒரு தொழில், ஒரு மொழிக்கு இத்தனை வழக்குகளை ஈந்தது எங்ஙனம்?

இவற்றின் பின்னே உயிரச்சம் இருந்தது. இறக்கைகள் தாங்குவிசை இழக்க, விமானம் சுழன்று வீழ்வதே 'டெயில்ஸ்பின்'. அதனின்று மீளும் வழியைத் தொடக்கத்தில் விமானிகள் தெளிவாக அறியார். 1912இல் ஆங்கிலேய விமானி வில்ஃபிரட் பார்க் பலர் காண மீண்டது வியப்பாகப் பேசப்பட்டது. மேகத்துள் திசை தெரியாது பறந்தோர் தந்தது 'ஃப்ளையிங் பிளைண்ட்'. குதிப்போரைக் காக்கும் பாராசூட்டும் வாணிபத்துள் புகுந்தது. பதவியிழக்கும் நிறுவனத் தலைவருக்கு ஒப்பந்தப்படி கிட்டும் பெருந்தொகை 'கோல்டன் பாராசூட்' எனப்பட்டது. நம்போன்ற குமாஸ்தாக்களுக்கு வாய்த்த பாராசூட் ஓய்வூதியமே!

அத்தகைய துணிவை இந்நகரமும் கண்டது. 1932 அக்டோபர் 15ஆம் நாள், ஜே. ஆர். டி. டாடா கராச்சியிலிருந்து அஞ்சல் பைகளுடன் சிறு விமானமொன்றை ஓட்டி, நம் மாட்டுங்காவுக்குத் தொலைவிலல்லாத ஜூஹுவில் இறங்கினார். அப்பைகளை நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு சென்றார். வழிகாட்ட வானொலிக் கருவி இல்லை. கண்ணும் அனுபவமுமே துணை.

எனினும் வானூர்திக்கு வேண்டிய சொற்கள் எல்லாவற்றையும் ஆங்கிலம் புதிதாகப் படைத்துவிடவில்லை. 'பைலட்' முன்னாளில் கப்பலுக்கு வழிகாட்டியவன். 'ரடர்' கப்பலின் சுக்கான். தேர்வில் வென்ற பிள்ளையை 'ஃப்ளையிங் கலர்ஸ்' என்று பாராட்டுகிறோமே, அதுவும் வெற்றியோடு திரும்பிய கப்பலில் பறந்த கொடியே, விமானத்தைச் சார்ந்ததன்று.

தமிழிலும் இத்தகைய செல்வம் உண்டு. மகளைக் கரையேற்றுகிறோம்; நட்டாற்றில் விட்டவனை நோகிறோம்; இரு தோணியில் கால் வைப்பவனை எச்சரிக்கிறோம்; நூலறுந்த பட்டமாய் அலைபவனுக்கு இரங்குகிறோம். ஆறும் தோணியும் அறிந்தோர் வீட்டிலும் வீதியிலும் தமிழிலேயே பேசினர். அதனால் அவர்தம் தொழிற்சொல் ஊர்ச்சொல்லாயிற்று. ஓட்டுவோனின்றி வானிற்செல்லும் ஊர்தியைப் புறநானூற்றிலேயே உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடியுள்ளார். கோயிற் கருவறைமேல் உயர்ந்த விமானத்தின் பெயரே பறக்கும் ஊர்திக்கும் வழங்குகிறது. பெயருக்குக் குறையில்லை. ஆயினும் பறத்தல் தந்த வழக்குகள் நம்மிடம் மிகச் சிலவே. அத்தொழிலை நாம் ஆங்கிலத்தில் கற்றோம், ஆங்கிலத்திலேயே பேசினோம்.

நம் பிள்ளைகளுள் பொறியாளரும் மருத்துவரும் உளர். விமானத் துறையில் பணிபுரிவோரும் உளர். மாலையில் வீடு திரும்பியதும் அன்றைய வேலையைப் பற்றிக் கேட்டால், பாதி ஆங்கிலத்தில் முடித்துவிடுகின்றனர். பாட்டிக்கு விளங்குமாறு அதைத் தமிழில் சொல்லும்படி அன்போடு கேட்போம். தடுமாறிச் சொல்லும் அப்பேச்சிலிருந்தே நாளைய தமிழ் வழக்குகள் பிறத்தல் கூடும். வளர்ப்பது நம் இல்லங்களின் கடமை.