பாம்பாட்டியின் கூடையிலிருந்து மீண்ட நாகங்கள்

வட இந்தியாவில் சபேரா எனப்படும் பாம்பாட்டிச் சமூகத்தார் தலைமுறைகளாக நாகங்களைக் கூடையில் வைத்து வித்தை காட்டி வாழ்ந்தனர். எனினும் கடிக்கு அஞ்சி நச்சுப்பல்லைப் பிடுங்குவதும், சில வேளைகளில் வாயையே தைத்துவிடுவதும் அத்தொழிலின் மிகக் கொடிய பகுதியாக இருந்தன. சிராவண மாத வளர்பிறை ஐந்தாம் நாளான நாகபஞ்சமிக்கு முன் நீரின்றி வாடவிடப்பட்ட பாம்பு தாகத்தால் குடித்த பாலைப் பக்தர்கள் அருளாகக் கண்டனர். பாலைச் செரிக்கும் திறனோ பாம்புக்கு இல்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் திருத்தங்களும் பாம்பாட்டித் தொழிலைத் தடைசெய்தபின், மீட்கப்பட்ட நாகங்களின் தையலைப் பிரித்து, வாய்ப்புண்ணைக் கழுவி மருந்திட்டு, நீரும் வெதுவெதுப்பும் தந்து, பின்னரே இரையளிக்கும் பராமரிப்பு முறை வளர்ந்தது. நச்சுப்பல் வாழ்நாள் முழுதும் புதிதாக முளைப்பதால், தாடை சிதையாத நாகம் மீண்டும் காட்டில் வேட்டையாடவல்லது.