போர்க்காலக் கொல்லையில் முயல் கூண்டு

வீட்டில் வளர்க்கப்படும் முயல்கள் எல்லாவற்றுக்கும் மூதாதை, ஐபீரியத் தீபகற்பத்தைத் தாயகமாகக் கொண்ட வளைமுயல். நம் ஊர்க் காட்டுமுயல் வேறு இனம். அது வளை தோண்டாது, புதர்மறைவில் குட்டி போடும், கூண்டுக்குப் பழகாது. வளைமுயலை ரோமானியர்கள் சுவர் சூழ்ந்த அடைப்புகளில் வளர்த்தார்கள். பலேயரிக் தீவுகளில் முயல்கள் பெருகி விளைச்சலை அழித்தபோது தீவு மக்கள் பேரரசர் அகஸ்டஸிடம் படை உதவி கேட்டதாக ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார்.

இங்கிலாந்தில் முயல் பரவியது 12ஆம் நூற்றாண்டில், நார்மன் ஆட்சியின்போது. அப்போது அது பிரபுக்களின் சொத்து, விலையுயர்ந்த இறைச்சி. பிறகு பெருகி மலிந்து, 19ஆம் நூற்றாண்டில் ஏழைகளின் உணவானது. பெல்ஜியத்தின் ஓஸ்டெண்ட் துறைமுகத்திலிருந்து கூண்டு முயல் இறைச்சி லண்டன் சந்தைக்குக் கப்பலில் வந்தது. சுரங்கத் தொழிலாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும் கொல்லையில் முயல் வளர்த்தார்கள்.

இந்தச் சிறு பழக்கத்தை நாடு தழுவிய வேலையாக மாற்றியது இரண்டாம் உலகப் போர். உணவுக்குக் கடல்வழி இறக்குமதியை நம்பியிருந்த பிரிட்டனை ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்கள் நெருக்கின. 1940 மார்ச் மாதம் இறைச்சிக்குப் பங்கீடு வந்தது. வாரத்துக்கு ஒருவருக்கு 1 ஷில்லிங் 10 பென்ஸ் மதிப்புள்ள இறைச்சி. மறு ஆண்டு அதுவும் குறைந்தது. முயல் இறைச்சி பங்கீட்டுக்குள் வரவில்லை. தேயிலைப் பெட்டிகளையும் ஆரஞ்சுப் பெட்டிகளையும் பிரித்து, கம்பிவலை அடித்து, கொல்லைதோறும் கூண்டுகள் எழுந்தன. முயல் கழகங்களில் சேர்ந்தவர்களுக்குத் தவிடு ஒதுக்கப்பட்டது; அவர்கள் குட்டிகளில் ஒரு பங்கைப் பொது விற்பனைக்குக் கொடுக்க வேண்டும்.

பெண் முயலின் சினைக்காலம் சுமார் 31 நாள். ஆண்டுக்கு நான்கு ஈற்று, ஈற்றுக்கு ஆறு குட்டி என்று அடக்கமாகக் கணக்கிட்டாலும், ஒரு தாய் முயல் ஆண்டுக்கு 24 குட்டி தரும். தீனிக்குச் செலவு அதிகமில்லை. முட்டைக்கோஸின் வெளி இலை, கேரட் தழை, வேகவைத்த உருளைக்கிழங்குத் தோல், சாலையோரம் பிடுங்கிய டேண்டிலியான் கீரை ஆகியவையே பெரும்பங்கு. தழை பிடுங்குவது பிள்ளைகளின் வேலை. பெயர் வைத்து வளர்த்த முயல் ஞாயிற்றுக்கிழமைக் குழம்பானபோது அழுத பிள்ளைகளும் அவர்களே.

ஆனால் இந்த வளர்ப்பை இறைச்சிக் கணக்காக மட்டும் பார்ப்பவர் பாதியைத்தான் பார்க்கிறார். மறுபாதி கூண்டுக்கு அடியில் விழுந்துகொண்டிருந்தது. 1939 அக்டோபரில் தொடங்கிய 'வெற்றிக்காகத் தோண்டுங்கள்' இயக்கம் புல்தரைகளையும் பூந்தோட்டங்களையும் காய்கறிப் பாத்திகளாக மாற்றியது. பாத்தி பெருகிய வேகத்தில் உரம் பெருகவில்லை. போருக்கு முன் பொட்டாஷ் ஜெர்மனியிலிருந்தும் பிரான்சிலிருந்தும், பாஸ்பேட் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்துகொண்டிருந்தன. போர் தொடங்கியதும் ஜெர்மனியின் வழியும், 1940இல் பிரான்ஸ் வீழ்ந்ததும் மற்ற வழிகளும் அடைபட்டன. குதிரைவண்டிகளின் இடத்தை மோட்டார் வண்டிகள் பிடித்துவிட்டதால், நகரத் தோட்டங்கள் நம்பியிருந்த குதிரைச் சாணமும் அரிதாகியிருந்தது.

முயல் புழுக்கை இந்தக் குறையைத் தன் அளவில் ஈடுசெய்தது. ஆட்டுப் புழுக்கையைப் போல உருண்டையாக, உலர்ந்து, அள்ளுவதற்கு எளிதாக இருக்கும். மாட்டுச் சாணத்தைவிட இதில் தழைச்சத்தும் மணிச்சத்தும் கூடுதல். கோழி எருவைப் பச்சையாக இட்டால் சூடேறிப் பயிர் கருகும்; முயல் புழுக்கையை மக்க வைக்காமலே மண்ணில் கிளறிவிடலாம். சிறுநீர் ஊறிய வைக்கோல் படுக்கை குப்பைக்குழிக்குப் போய்த் தொழு உரமானது. முட்டைக்கோஸின் இதயம் மனிதருக்கு, வெளி இலை முயலுக்கு, புழுக்கை அடுத்த முட்டைக்கோஸுக்கு. மாடு கட்ட இடமில்லாத நகரக் குடும்பத்துக்கு முயல்தான் தொழுவம்.

தோலும் வீணாகவில்லை. மகளிர் சங்கங்கள் முயல் தோலைப் பதப்படுத்தி, அதை உட்புறம் வைத்துத் தைத்த குளிராடைகளை ரஷ்ய மக்களுக்கு அனுப்பின.

போருக்குப் பின்னும் பங்கீடு நீடித்ததால் கூண்டுகளும் நீடித்தன. 1953இல் மிக்சோமடோசிஸ் என்ற வைரஸ் நோய் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் தோன்றியது. இரண்டே ஆண்டுகளில் பிரிட்டனின் காட்டு வளைமுயல்களில் பெரும்பாலானவை மடிந்தன. கண் வீங்கிக் குருடாகி வழியோரங்களில் செத்துக்கிடந்த முயல்களைக் கண்டவர்களுக்கு அந்த இறைச்சியே அருவருப்பானது. 1954 ஜூலையில் இறைச்சிப் பங்கீடும் முடிந்தது. மலிவாக வந்த பண்ணைக்கோழி முயலின் இடத்தைப் பிடித்தது. மூட்டையில் வந்த ரசாயன உரம் புழுக்கையின் இடத்தைப் பிடித்தது. கூண்டில் எஞ்சிய முயல் செல்லப்பிராணியானது.

போர்க்கால வளர்ப்பின் ஒரு சுவடு மட்டும் சட்டத்தில் நிலைத்தது. குத்தகைக்கு எடுத்த தோட்டத் துண்டுகளில் கோழியும் முயலும் வளர்க்க இருந்த தடைகளைப் போர்க்கால ஒழுங்குமுறை தளர்த்தியிருந்தது. 1950இல் இயற்றப்பட்ட தோட்டத்துண்டுச் சட்டம், வியாபாரத்துக்காக இல்லாதவரை, அந்த உரிமையை நிலைப்படுத்தியது. இங்கிலாந்தில் அந்த உரிமை இன்றும் நடைமுறையில் இருக்கிறது.