தகவல் பாதுகாப்புப் பிரகடனங்கள்: ஒரு வரலாற்று நோக்கு

வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் அங்காடியிலும் நாம் எழுதிக்கொடுக்கும் பெயரும் பிறந்த தேதியும் கைபேசி எண்ணும் கணக்கு விவரமும் எங்கே வைக்கப்படுகின்றன, யார் கண்ணில் படுகின்றன, களவு போனால் நமக்கு யார் சொல்வார் என்னும் கேள்விகளுக்கு வர்த்தக ஸ்தாபனங்கள் விடை கூறக் கடமைப்பட்டவை என்ற எண்ணம் உலகில் வேரூன்றி அரை நூற்றாண்டுதான் ஆகிறது. அந்த அரை நூற்றாண்டின் போக்கை, பிரதானமாக அமெரிக்க ஐக்கிய நாட்டின் அனுபவத்தை ஆதாரமாகக் கொண்டு, இக்கட்டுரை ஆராய்கிறது. "உங்கள் தகவல் எங்களிடம் பத்திரமாக இருக்கிறது" என்ற பொதுவான உறுதிமொழி வாடிக்கையாளரை எந்தக் காலத்திலும் காத்ததில்லை என்பதும், சோதித்துப் பார்க்கத்தக்க குறிப்பான செய்தியும் தவறு நேர்ந்தவுடன் அதை மறைக்காமல் உரைக்கும் வாய்மையுமே காத்தன என்பதும் இவ்வாராய்ச்சியில் நான் கண்ட முடிபு.

1973ஆம் ஆண்டில் அமெரிக்க சுகாதார, கல்வி, நல இலாகா நியமித்த ஆலோசனைக் குழு, தனிமனிதரைப் பற்றிய பதிவேடு எதுவும் அது இருப்பதே வெளியில் தெரியாதபடி ரகசியமாக நடத்தப்படலாகாது என்று பரிந்துரைத்தது. 1980இல் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு அதே கொள்கையை விரிவாக்கி, தகவலைக் காப்பதோடு அதைக் கையாளும் முறையை வெளிப்படையாகச் சொல்வதும் கடமையே என்றது. எனினும் இவை அறிஞரும் அதிகாரிகளும் படித்த ஏடுகளாகவே நின்றன. கடைக்கு வரும் சாமானியர் செவிக்கு எட்டவில்லை.

சாமானியர் கண்ட முதல் அறிவிப்பு, எழுத்து வடிவில் அன்றிச் சித்திர வடிவில் வந்தது. இணையத்தில் வியாபாரம் தொடங்கிய நாட்களில், நெட்ஸ்கேப் நிறுவனம் தனது உலாவியின் மூலையில் ஒரு சாவியைப் பொறித்து, இணைப்பு மறையாக்கம் செய்யப்பட்டால் முழுச் சாவியையும் இல்லையேல் முறிந்த சாவியையும் காட்டியது. பிற்பாடு பூட்டுச் சின்னம் அந்த ஸ்தானத்தைப் பெற்றது. அச்சின்னம் சொன்னதோ, நமது கணினிக்கும் வர்த்தகரின் கணினிக்கும் இடையே செல்லும் செய்தியை வழியில் எவரும் படிக்க இயலாது என்பது மாத்திரமே. பணம் ஏற்றிச் செல்லும் வண்டிக்குக் காவல் இருப்பதால் அது போய்ச் சேரும் பெட்டகத்துக்கும் காவல் உண்டு என்று ஆகிவிடாது. ஆயினும் மக்கள் அவ்வாறே பொருள் கொண்டனர். அச்சின்னத்தின் சரியான பொருளை உணர்ந்தவர்கள் 11 சதவிகிதத்தினரே என்று 2021இல் கூகுள் நடத்திய ஆய்வு காட்டிற்று. 2023இல் குரோம் உலாவி அதைக் கைவிட்டது.

எழுத்து மூலமான பிரகடனங்களின் நிலை இன்னும் பரிதாபமானது. அமெரிக்க மத்திய வர்த்தகக் கமிஷன் 1998இல் 1,400க்கும் மேற்பட்ட இணையத்தளங்களைப் பரிசீலித்தபோது, மாதிரியாக எடுத்த வர்த்தகத் தளங்களுள், தகவலைத் தாங்கள் கையாளும் விதம் பற்றி ஏதேனும் ஓர் அறிவிப்புத் தந்தவை 14 சதவிகிதம். முழுமையான கொள்கையை வெளியிட்டவை 2 சதவிகிதம். சட்டமும் கண்டனமும் நெருக்க நெருக்க அறிவிப்புகள் பெருகின. ஆனால் வழக்கறிஞர்கள் வழக்கறிஞர்களுக்காக எழுதிய மொழியில் அவை நீண்டன. ஓர் அமெரிக்கர் ஓராண்டில் தாம் செல்லும் தளங்களின் கொள்கைகளையெல்லாம் படிக்க 200 மணி நேரத்துக்கு மேல் செலவாகும் என்று 2008இல் அலீசியா மக்டொனால்ட், லோரி கிரேனர் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் கணக்கிட்டனர். படிக்க இயலாததைப் பிரசுரிப்பது அறிவிப்பாகாது என்பதே என் அபிப்பிராயம். மூன்றாம் தரப்பின் நற்சான்று முத்திரையும் இக்குறையைத் தீர்க்கவில்லை; அத்தகைய முத்திரை வழங்கிய டிரஸ்ட்ஈ நிறுவனம், ஆண்டுதோறும் செய்வதாகச் சொன்ன மறுபரிசீலனையை ஆயிரத்துக்கும் மேற்பட்ட தருணங்களில் செய்யவில்லை என்று 2014இல் கமிஷன் குற்றஞ்சாட்டியது.

உண்மையான மாறுதல் 2002இல் தொடங்கியது. மனச்சோர்வுக்கு மருந்து உட்கொள்வோர்க்கு நினைவூட்டுக் கடிதம் அனுப்பிவந்த எலி லில்லி நிறுவனம், முந்திய ஆண்டில், 669 பேரின் மின்னஞ்சல் முகவரிகளை ஒருவருக்கொருவர் தெரியும்படி ஒரே கடிதத்தில் அனுப்பிவிட்டது. தங்கள் நோயை அண்டை வீட்டாரிடமும் சொல்லாத மனிதர்களுக்கு இழைக்கப்பட்ட அந்தத் தீங்கைச் சிறு பிழையென்று தள்ளுவதற்கில்லை. அந்தரங்கத்தைக் காப்போம் என வாக்களித்துவிட்டு அதற்குரிய ஏற்பாட்டைச் செய்யாமை ஏமாற்றே என்று கமிஷன் அந்நிறுவனத்தின்மீது குற்றஞ்சாட்டி, இருபதாண்டுக் கட்டுப்பாட்டுக்கு அதை உட்படுத்தியது. அதே ஆண்டில் மைக்ரோசாப்டின் பாஸ்போர்ட் என்னும் இணைய உள்நுழைவுச் சேவையைப் பற்றிய வழக்கில் இன்னும் ஒருபடி மேலே சென்று, களவு நிகழ்ந்ததாக நிரூபணம் இல்லாதபோதும், பாதுகாப்பைப் பற்றிச் சொன்ன சொல் மெய்யாக இல்லாமையே குற்றத்துக்குப் போதுமென்று கொண்டது. விளம்பரமாக இருந்த வாக்கியம் அன்றுமுதல் வாக்குறுதியாயிற்று.

கலிபோர்னியாவில், சுமார் 2,65,000 அரசாங்க ஊழியரின் விவரங்கள் இருந்த கணினிக்குள் அந்நியர் புகுந்ததும், அச்செய்தி ஊழியர்க்குப் பல வாரங்கள் கழித்தே தெரிந்ததும் ஒரு புதிய சட்டத்துக்கு வித்திட்டன. 2003 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்த அச்சட்டம், தகவல் களவுபோனால் உரியவருக்கு அறிவித்தே தீரவேண்டும் என்றது. தகவல் வியாபாரம் செய்த சாய்ஸ்பாயிண்ட் நிறுவனம் மோசக்காரர்களிடம் தகவலை விற்றுவிட்டது 2005இல் வெளியானபோது, அந்நிறுவனம் சட்டம் நிர்ப்பந்தித்தபடி சுமார் 35,000 கலிபோர்னியருக்கு மட்டும் முதலில் எழுதியது. பிற மாநிலங்கள் வெகுண்டெழுந்த பின்னரே ஏனையோருக்கும் எழுதியது. பாதிக்கப்பட்டோர் 1,63,000க்கு மேல் என்று பின்னர்த் தெரிந்தது. சட்டம் இல்லாத இடத்தில் மௌனமே வழக்கம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி இல்லை. 2018க்குள் ஐம்பது மாநிலங்களும் அத்தகைய சட்டத்தை இயற்றின.

சொல்லவேண்டும் என்பது நிலைபெற்றபின், எவ்வாறு சொல்வது என்னும் விஷயம் எழுந்தது. மக்களின் கடன் விவரங்களைத் தொகுக்கும் ஈக்விஃபாக்ஸ் நிறுவனம் 2017 ஜூலை 29ஆம் தேதி கண்டறிந்த களவைச் செப்டம்பர் 7 வரை வெளியிடாமல் இருந்து, 14 கோடிக்கு மேற்பட்டோரைத் தனது சொந்தத் தளத்துக்கு அழைக்காமல் எவரும் அறியாத புதியதொரு முகவரிக்கு அனுப்பியது. அம்முகவரியைப் போன்ற போலித் தளத்துக்கே அதன் ஊழியர்கள் தவறி வழிகாட்டியதும் உண்டு. அறிமுகமான முகவரியில், அறிந்தது இன்னது, அறியாதது இன்னது, நீங்கள் உடனே செய்யவேண்டியது இன்னது என்று சொல்வதே அத்தகைய வேளையின் தர்மம்.

இந்தியாவில் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், களவை உரியவருக்கு உரைப்பது, புரியும் வண்ணம் அறிவிப்புத் தருவது என்னும் இவ்விரு கடமைகளையும் ஒருங்கே விதித்திருக்கிறது. தகவல் பாதுகாப்பு மீறலை உரியவருக்கு அறிவிக்கத் தவறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அச்சட்டம் வகைசெய்கிறது. ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள எந்த மொழியிலோ படிக்கும் வாய்ப்பு வாடிக்கையாளருக்குத் தரப்படவேண்டும் என்றும் அது கூறுகிறது. அவ்வட்டவணையில் தமிழும் உண்டு. ஆகவே, வங்கியாயினும் காப்பீட்டு ஸ்தாபனமாயினும், ஒப்புதல் கேட்டு நம்முன் நீட்டும் அறிவிப்பைத் தமிழில் தருமாறு வாசகர் ஒவ்வொருவரும் தயக்கமின்றிக் கேட்கவேண்டும்.