ஆழாக்கும் அரைக்கிலோவும்

சயான், மாட்டுங்கா பகுதிகளில் நம்மவர்கள் குடியேறிய சரித்திரத்தை எழுதுபவர்கள் 1932-ல் தோன்றிய தென்னிந்தியக் கல்விச் சங்கத்தைச் சொல்வார்கள். 1952-ல் பிறந்த ஷண்முகானந்த சபாவைச் சொல்வார்கள். சமையலறையின் சரித்திரம் மட்டும் விட்டுப் போகிறது. அதில் ஒரு சிறு பகுதியை இங்கே எழுதுகிறேன்.

உத்தியோகத்துக்கு வந்த பிரம்மசாரிகளுக்கு மெஸ்ஸும் ஹோட்டலும் இருந்தன. மாட்டுங்கா ராம நாயக்கின் உடுப்பி ஹோட்டல் 1942-ல் வந்தது. கஷ்டமெல்லாம் கல்யாணமாகி வந்த பெண்களுக்குத்தான். ஊரில் அம்மாவோ மாமியாரோ பக்கத்தில் நின்று பக்குவம் சொல்வார்கள். பம்பாயில் யாரைக் கேட்பது? கடிதம் போட்டுப் பதில் வருவதற்குள் விருந்தாளியே ஊர் திரும்பிவிடுவார்!

இந்தக் குறையைத் தீர்த்தவர் சென்னை எஸ். மீனாட்சி அம்மாள். பக்குவம் கேட்டு வந்த உறவினர்களுக்கு எழுதிக் கொடுத்தவரை, புத்தகமாகவே போடும்படி தூண்டியவர் உறவினரான கே.வி. கிருஷ்ணஸ்வாமி ஐயர். 'சமைத்துப் பார்' முதல் பாகம் 1951-ல் வெளிவந்தது. கண்ணளவு, கையளவு என்றிருந்ததை ஆழாக்கு, பலம் என்று அளவோடு எழுதியதே அதன் பெருமை.

ஆனால் பம்பாய்க் கடைக்காரருக்குப் பலம் தெரியாது; சேரும் பாவ்சேரும்தான் தெரியும். போதாததற்கு 1956-ல் சட்டம் வந்து, 1958 அக்டோபர் முதல் கிலோ படிப்படியாக நுழைந்தது. 1962-ல் பழைய எடைகள் விடைபெற்றன. மீனாட்சி அம்மாள் காலமானதும் அதே வருஷம்தான்.

நம் மாமிகள் கலங்கவில்லை. மூன்று தோலா ஒரு பலம், அதாவது சுமார் 35 கிராம் என்று கணக்குப் போட்டார்கள். படியின் அளவு ஊருக்கு ஊர் மாறினாலும், அரிசியையும் பருப்பையும் ஒரே ஆழாக்கால் அளந்தால் விகிதம் மாறாது என்பதும் அவர்களுக்குத் தெரியும். பல அகங்களில் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதிய இந்தக் கணக்குகளை நானே பார்த்திருக்கிறேன். "இங்கத்து மிளகாய்க்கு இரண்டு குறைக்கவும்" என்பது போன்ற குறிப்புகளும் உண்டு.

அச்சிட்ட பக்கம் சென்னையின் சமையல்; ஓரக் குறிப்புதான் நம் பம்பாய்ச் சமையல். புத்தகம் இன்றும் கடையில் கிடைக்கும், குறிப்பு கிடைக்காது. பழைய கட்டடங்களை இடித்துப் புதிதாகக் கட்டும் இந்நாளில், வீடு காலி செய்யும் அன்பர்கள் பழைய புத்தகங்களை ரத்திவாலாவிடம் போடுமுன் அந்த ஓரங்களை ஒருமுறை படித்து, ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டுகிறேன்.