ஒரு சொட்டு ரத்தம்

கால்நடைத் துறையில் நான் கீழ்நிலை ஊழியனாகச் சேர்ந்த புதிது. ஒரு ஜட்கா வண்டிக்காரர் தன் குதிரையை ஆஸ்பத்திரிக்கு நடத்திக்கொண்டு வந்தார். நன்றாகத் தின்கிறது, ஆனாலும் இளைத்துக்கொண்டே போகிறது என்றார். "மழைக்கு அப்புறம் பெரிய பெரிய ஈ வந்து கடிச்சுது சார், அதுல இருந்துதான் இப்படி" என்றும் சொன்னார். டாக்டர் அன்று லீவு. ஈ கடித்துக் குதிரை இளைக்குமா என்று எனக்குச் சிரிப்பு. குடற்புழு மருந்து கொடுத்து அனுப்பிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து மறுபடி வந்தார். இப்போது குதிரை எலும்பும் தோலுமாக இருந்தது. விட்டு விட்டுக் காய்ச்சல். கால்களிலும் அடிவயிற்றிலும் நீர் கோத்து வீங்கியிருந்தது. டாக்டர் அதன் காது நரம்பில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, கண்ணாடித் துண்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். "வாய்யா, நீயும் பாரு" என்றார். ரத்த அணுக்களை இடித்துத் தள்ளிக்கொண்டு மீன் குஞ்சு மாதிரி ஏதோ துள்ளிக்கொண்டிருந்தது. "இதுக்குப் பேர் சர்ரா. இதை முதல்ல கண்டுபிடிச்சவரையும் யாரும் நம்பலை" என்றார்.

அந்தக் கதையை ஓய்வு பெற்ற பிறகுதான் முழுதாகப் படித்தேன்.

அவர் பெயர் கிரிஃபித் இவான்ஸ். 1835-ல் வேல்ஸ் நாட்டில் பிறந்தவர். லண்டனில் கால்நடை மருத்துவம் படித்து, பிரிட்டிஷ் ராணுவத்தில் சேர்ந்தார். கனடாவில் வேலை பார்த்தபோது மனித மருத்துவமும் படித்து 1864-ல் பட்டம் வாங்கினார். அதே ஆண்டு, அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பார்க்கப் போய் ஆபிரகாம் லிங்கனையும் சந்தித்துவிட்டு வந்தவர்.

பிறகு இந்தியாவுக்கு மாற்றல். 1880-ல் சிந்து நதியின் மேற்குக் கரையில், இன்று பாகிஸ்தானில் இருக்கும் டேரா இஸ்மாயில்கான் பகுதியில் குதிரைகளும் ஒட்டகங்களும் மடிந்துகொண்டிருந்தன. காரணம் கண்டுபிடிக்க இவரை அனுப்பினார்கள். நோயுற்ற குதிரைகளின் ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். நான் பார்த்த அதே துள்ளல்! அதோடு அவர் நிற்கவில்லை. அந்த ரத்தத்தை எடுத்து நல்ல குதிரைக்கும் நாய்க்கும் ஏற்றினார். அவற்றுக்கும் நோய் வந்தது, அவற்றின் ரத்தத்திலும் அதே உயிரி இருந்தது. நோய்க்குக் காரணம் இதுதான் என்று அறிக்கை எழுதினார். பெரிய ஈக்கள் கடிப்பதால் இது வருவதாக உள்ளூர் மக்கள் சொன்னதையும் ஒதுக்காமல் குறித்துவைத்தார்.

மேலே இருந்தவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. காரணமும் இருந்தது. டிமத்தி லூயிஸ் என்ற பெரிய ஆராய்ச்சியாளர் 1878-ல் கல்கத்தாவில் எலிகளின் ரத்தத்தில் இதே போன்ற உயிரியைப் பார்த்திருந்தார். அந்த எலிகள் ஆரோக்கியமாகவே இருந்தன. ஆகவே இது தீங்கில்லாதது, குதிரை வேறு எதனாலோ சாகிறது என்பது அவர்கள் வாதம். எலியிடம் சாதுவாக இருப்பதும் குதிரையைக் கொல்வதும் ஒரே ஜாடை கொண்ட வேறு வேறு இனங்கள் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

1895 வாக்கில் டேவிட் புரூஸ் ஆப்பிரிக்காவின் ஜூலுலாந்தில் மாடுகளைக் கொல்லும் 'நகானா' நோய்க்கு இதே குடும்பத்து உயிரியே காரணம் என்றும், அதைப் பரப்புவது ட்செட்ஸி ஈ என்றும் காட்டினார். 1901-ல் லியோனார்ட் ராஜர்ஸ் இந்தியாவிலேயே சோதனை செய்து, சர்ராவைக் குதிரை ஈ பரப்புகிறது என்று நிரூபித்தார். நோயுற்ற பிராணியைக் கடித்த ஈ, வாயில் ரத்தம் காயும் முன்பே அடுத்ததைக் கடித்தால் போதும், நோய் தொற்றிவிடும். ஆப்பிரிக்காவில் மனிதனுக்கு வரும் தூக்க நோயும் இதே குடும்பத்து உயிரியால் வருவதுதான் என்று அடுத்த சில ஆண்டுகளில் தெரிந்தது. எல்லாவற்றுக்கும் முன்னோடி, யாரும் நம்பாத அந்த 1880 அறிக்கை.

இவான்ஸ் 1890-ல் ஓய்வு பெற்று வேல்ஸுக்கே திரும்பிவிட்டார். லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளி அவருக்கு மேரி கிங்ஸ்லி பதக்கம் கொடுத்தது 1917-ல், எண்பது வயதைத் தாண்டிய பிறகு! 1935 ஆகஸ்டில் நூறு வயது நிறைந்து, அந்த டிசம்பரில் காலமானார். அந்த உயிரிக்கு இன்றும் 'டிரிப்பனோசோமா இவான்சி' என்று அவர் பெயர்தான்.

ஜட்காக்காரரின் குதிரை பிழைக்கவில்லை. ஊசி போட்டோம், ஆனால் நாள் கடந்துவிட்டது. மூன்று வாரம் முன்பே ஒரு சொட்டு ரத்தம் எடுத்து வைத்திருந்து, டாக்டர் வந்ததும் காட்டியிருந்தால் பிழைத்திருக்கலாம். அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கழுத்து மணியை மட்டும் கழற்றி மடியில் கட்டிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு என் சர்வீஸ் முடியும் வரை, மாட்டுக்காரர் யார் எது சொன்னாலும் முதலில் நோட்டில் எழுதிக்கொள்வேன். சிரித்ததில்லை.