திரையிசையும் மின்கருவியும்: செய்த கைகளின் வரலாறு

தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி, மிடற்றுக்கருவி என இசைக்கருவிகளை ஐவகையாகப் பகுத்தனர் நம் முன்னோர். ஒலி எங்கே பிறக்கின்றதோ அந்த இடத்தைக் கொண்டே கருவிக்குப் பெயரும் அமைந்தது. பொருநராற்றுப்படை பாடிய முடத்தாமக்கண்ணியார் யாழின் இனிமையைப் புகழ்வதோடு அமையவில்லை. பத்தர், போர்வை, கோடு, நரம்பு என அதன் உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துரைத்து, அக்கருவி உருவான முறையையே நம் கண்முன் நிறுத்துகின்றார். இசையைப் போற்றுவோர் கருவி செய்த கையையும் போற்றக் கடமைப்பட்டவர் என்னும் உணர்வு அக்காலத்திலேயே நிலவியது என்பதற்கு இது ஒரு சான்று.

இருபதாம் நூற்றாண்டில் இவ்வைந்தனுள் எதிலும் அடங்காத ஆறாவது வகை ஒன்று தோன்றியது. அதுவே மின்கருவி. அதனைக் கேட்டவுடன், இது இயந்திரம் பாடுவது, இதில் மனிதனுக்கு என்ன வேலை என்று எண்ணுவோர் அன்றும் இருந்தனர், இன்றும் உள்ளனர். வரலாற்றை நோக்கினால் உண்மை வேறாகத் தோன்றுகின்றது. திரைப்படங்களில் ஒலித்த தொடக்ககால மின்கருவிகள் பல, குடம் வனையும் குயவரைப் போலவும் வீணை குடையும் தச்சரைப் போலவும், தனி மனிதர் தம் கையாலேயே செய்து முடித்தவை. அக்கைகளுக்கு உரிய பெயர் உரிய காலத்தில் கிடைத்ததா? இவ்வினாவை முன்வைத்து அவ்வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

தொடாமல் இசைத்த கருவி

உருசிய நாட்டு இயற்பியலறிஞர் லெவ் தெரமின் இளமையில் செல்லோ வாசிக்கப் பயின்றவர். 1920ஆம் ஆண்டை ஒட்டி, பெத்ரோகிராது நகரிலிருந்த ஓர் ஆய்வுக்கூடத்தில், வளிகளின் மின்னியல்பை அளக்கும் கருவி ஒன்றை அவர் அமைத்துக்கொண்டிருந்தார். அருகே கை சென்றபோதெல்லாம் அதிலிருந்து எழுந்த ஒலி ஏறுவதையும் இறங்குவதையும் கண்டார். அறிவியலார் இடையூறு என ஒதுக்கியிருக்கக் கூடியதை, இசை பயின்ற அவர் செவி சுரமாகக் கேட்டது.

அவர் செய்த தெரமின் என்னும் கருவியில் இரண்டு மின்னலை எழுப்பிகள் உள்ளன. அவற்றின் அலைகள் தனித்தனியே மனிதச் செவிக்கு எட்டாதவை. அவ்விரண்டின் வேறுபாடு மட்டுமே ஒலியாகக் கேட்கும். நிமிர்ந்து நிற்கும் கம்பியை ஒரு கை நெருங்கினால் சுருதி உயரும். வளைந்த கம்பியின் மேல் மறு கை தாழ்ந்தால் ஒலி அடங்கும். கட்டையும் இல்லை, நரம்பும் இல்லை, தொட்டுப் பிடிக்க யாதொன்றும் இல்லை. வெற்று வெளியில் சுரத்தானம் கண்டு கையை நிறுத்த வேண்டும். விரல் சிறிது நடுங்கினாலும் சுரம் பிசகிவிடும். ஆகவே, மின்கருவிகளுள் முதற்கண் புகழ்பெற்ற இதுவே கைத்திறனை மிகக் கடுமையாகச் சோதிக்கும் கருவியாகவும் அமைந்தது.

1945இல் வெளிவந்த ஹிட்ச்காக்கின் 'ஸ்பெல்பவுண்ட்' படத்தில், மனம் கலங்கிய நாயகனின் அச்சத்தை உணர்த்த இக்கருவியைப் பயன்படுத்தினார் இசையமைப்பாளர் மிக்லோஷ் ரோஜா. அதனை வாசித்த சாமுவேல் ஹாஃப்மன் தொழிலால் கால்நோய் மருத்துவர். அப்பட இசைக்கு ஆஸ்கர் விருது கிடைத்தது. வயலின்களும் குழல்களும் நிறைந்த அவையில் மின்கருவி ஒரு விருந்தாளியாக வந்து அமர்ந்தபோது, அதனை எல்லோரும் வரவேற்றனர் என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

இசை எனும் பெயர் மறுக்கப்பட்டது

விருந்தாளி வீட்டுக்காரராக முற்பட்டபோது நிலைமை மாறியது. நியூயார்க் நகரில் வாழ்ந்த லூயி பாரன், பீபி பாரன் இணையருக்கு 1947இல் நடந்த திருமணத்தின்போது ஓர் ஒலிப்பதிவு நாடாக் கருவி பரிசாகக் கிடைத்தது. அதனைக் கொண்டு அவர்கள் தம் இல்லத்திலேயே ஓர் ஒலிக்கூடம் அமைத்தனர். கணித அறிஞர் நார்பர்ட் வீனர் 1948இல் வெளியிட்ட நூலொன்று, உயிர்களும் இயந்திரங்களும் தம்மைத் தாமே நெறிப்படுத்திக்கொள்ளும் முறையை ஒருசேர ஆராய்ந்தது. அந்நூற் கருத்துகளைப் பின்பற்றி, லூயி தம் கையால் மின்சுற்றுகளைப் பற்றவைத்துச் செய்தார். அவற்றில் அளவுக்கு மிஞ்சிய மின்சாரத்தைச் செலுத்தும்போது அவை அலறும், முனகும், சிலம்பும். இறுதியில் எரிந்து அடங்கிவிடும். ஒருமுறை எழுந்த ஒலியை மறுமுறை எழுப்புதல் இயலாது. ஆதலால் அனைத்தையும் நாடாவில் பதிந்துகொண்டனர். மணிக்கணக்கில் ஓடும் அந்நாடாக்களைப் பொறுமையோடு கேட்டு, பொருளுள்ள ஒலிகளைத் தேர்ந்தெடுத்தவர் பீபி. அவற்றைத் துண்டித்தும் ஒட்டியும், வேகத்தை மாற்றியும், பின்முகமாக ஓட்டியும் இருவரும் இசையாக்கினர்.

1956இல் எம்.ஜி.எம். நிறுவனம் வெளியிட்ட 'ஃபார்பிடன் பிளானெட்' படத்தின் பின்னணி முழுவதும் இவ்வாறு உருவானது. முழுநீளப் படம் ஒன்றின் பின்னணி முற்றிலும் மின்னொலியால் அமைந்தமைக்கு முன்னோடியாக இன்று அது போற்றப்படுகின்றது. ஆயினும் அப்படத்தின் பெயர்ப்பட்டியலில் 'இசை' என்னும் சொல் அவர்கள் பெயரோடு இடம்பெறவில்லை. இசைக்கலைஞர் சங்கத்தில் அவர்கள் உறுப்பினர் அல்லர். சங்கத்தின் எதிர்ப்பு எழும் என்று அஞ்சிய நிறுவனம், 'மின்னணுத் தொனிகள்' என்று பொருள்படும் தொடரை அவ்விடத்தில் இட்டது. இதனால் ஆஸ்கர் விருதுக்கான இசைப்பிரிவில் அவர்கள் பெயர் பரிசீலிக்கப்படும் வாய்ப்பும் இல்லாமற்போயிற்று. ஒரு பெயர்ப்பட்டியலில் ஒரு சொல் மாறியதால் இரு கலைஞர்தம் வாழ்வின் போக்கே மாறிற்று எனலாம். பெரும் நிறுவனங்களின் படங்களுக்கு இசையமைக்கும் வாய்ப்பு அதன்பின் அவர்களைத் தேடி வரவில்லை.

சங்கத்தினரை முற்றிலும் குறை கூறுதல் முறையன்று. ஐம்பது அறுபது பேர் அமர்ந்து வாசிக்கும் இடத்தை இருவர் நிரப்பிவிடுவார்களாயின், அவ்வறுபது குடும்பங்களின் அடுப்பு எவ்வாறு எரியும் என்ற அச்சம் அவர்களுடையது. அவ்வச்சம் பொய்யன்று என்பதைப் பின்வந்த காலம் காட்டியது. எனினும் பிழைப்பைக் காக்க எழுந்த குரல், கலையைக் கலை என்று ஒப்புக்கொள்ள மறுக்கும் அளவுக்குச் சென்றதே வருந்தத்தக்கது.

பறவைகளின் குரலும் கடலின் குரலும்

ஏழாண்டுகள் கழித்து ஓரளவு நீதி கிடைத்தது. 1930ஐ ஒட்டிப் பெர்லினில் ஃபிரீட்ரிக் டிராட்வைன் என்னும் பொறியாளர் டிராட்டோனியம் என்ற கருவியைப் படைத்திருந்தார். உலோகத் தகட்டின் மேல் இழுத்துக் கட்டிய ஒரு கம்பியை விரலால் அழுத்தி வாசிக்கும் அமைப்புடையது அது. நம் வீணையில் போல் இதிலும் சுரத்துக்குச் சுரம் வழுக்கிச் செல்லலாம். இசைப்புலவர் ஹிண்டமித்தின் மாணவரான ஆஸ்கர் சாலா தம் வாழ்நாள் முழுவதையும் இவ்வொரு கருவிக்கே ஒப்படைத்தார். அதனைத் தாமே மேம்படுத்தி, 1952இல் புதிய வடிவில் அரங்கேற்றினார். ஹிட்ச்காக் 1963இல் வெளியிட்ட 'தி பேர்ட்ஸ்' படத்தில் வழக்கமான பின்னணி இசை இல்லை. அங்கே நாம் கேட்கும் பறவைகளின் சிறகடிப்பும் கூக்குரலும் பெரும்பாலும் சாலாவின் விரல்கள் அக்கம்பியில் எழுப்பியவை. இம்முறை பெயர்ப்பட்டியல் ரெமி காஸ்மன், ஆஸ்கர் சாலா இருவரையும் மின்னொலி ஆக்கத்தோடு இசையமைப்புக்கும் உரியவராகக் குறித்தது.

மாஸ்கோவில் நிகழ்ந்தது இன்னும் வியப்புக்குரியது. யெவ்கெனி மூர்சின் என்னும் பொறியாளர் 1938இல் எண்ணத் தொடங்கிய கருவி ஒன்று, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்தே நிறைவேறியது. ஸ்க்ரியாபின் என்னும் இசைமேதையின் நினைவாக, அவர் முழுப்பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு அதற்கு 'ஏ.என்.எஸ்.' என்று பெயரிட்டார். கரிய பசை பூசிய கண்ணாடித் தகட்டின் மேல் இசையமைப்பவர் கோடு கீறுவார். கீறிய இடத்தின் வழியே ஒளி புகும். அவ்வொளியே ஒலியாக மாறும். எட்டாவது சுரம் வரையுள்ள ஒரு தாயிக்கு 72 நுண்சுரங்களாகப் பத்துத் தாயிகளில் 720 சுரங்கள் அதில் அடங்கின. வாசிப்பதும் எழுதுவதும் அங்கே ஒரே செயலாயின. அக்கருவியில் பயின்ற எடுவர்த் அர்த்தெமியெவ், தார்க்கோவ்ஸ்கி 1972இல் வெளியிட்ட 'சொலாரிஸ்' படத்துக்கு இசையமைத்தார். சிந்திக்கும் கடல் ஒன்றின் குரலை உலகுக்குக் கேட்பித்த அக்கருவி, வணிகப் பொருளாகப் பெருகவே இல்லை. அதனைப் படைத்த மூர்சின் 1970இலேயே மறைந்தமையால் அப்படத்தைக் காணும் பேறும் அவருக்கு வாய்க்கவில்லை.

மகுடிக்குள் மறைந்த மின்கருவி

இனி நம் நாட்டுக்கு வருவோம். பாரன் இணையரின் படத்துக்கு ஈராண்டுகள் முன்னதாக, 1954இல் பம்பாயில் 'நாகின்' என்னும் இந்திப் படம் வெளியாயிற்று. நாயகி, சென்னைத் திருவல்லிக்கேணியில் பிறந்த வைஜயந்திமாலா. இசை, வங்கத்து ஹேமந்த் குமார். அப்படத்தின் மகுடி இசை நாடெங்கும் மக்களைக் கிறங்கவைத்தது. வட இந்தியத் திருமண ஊர்வலங்களில் பேண்டு வாத்தியக்காரர்கள் அம்மெட்டை முழக்க, இளைஞர்கள் பாம்பைப் போல் நெளிந்து ஆடுவதை, வடபுலத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தார் பலரும் கண்டிருப்பர்.

அம்மெட்டு மகுடியில் வாசிக்கப்பட்டதன்று. பிரெஞ்சு நாட்டவரான கான்ஸ்டன்ட் மார்ட்டின் 1947இல் படைத்த கிளேவியோலின் என்னும் சிறிய மின்கருவியில், கல்யாண்ஜி வீர்ஜி ஷா என்னும் இளைஞர் வாசித்தது அது. ஹேமந்த் குமாரின் துணைவராக இருந்த ரவி ஆர்மோனியத்தில் உடன் வாசித்தார். கிளேவியோலின் ஒரு நேரத்தில் ஒரு சுரமே எழுப்ப வல்லது. சுரைக்குடுக்கையும் நாணலும் தரும் கரகரப்பையும் வளைவையும் அத்தகைய பெட்டியிலிருந்து வரவழைத்தது கல்யாண்ஜியின் விரல்நுட்பமே. மேலைநாட்டில் மின்கருவி வேற்றுக் கோளின் குரலாயிற்று. இங்கோ ஊர்ச்சந்தையில் கேட்கும் மகுடியின் குரலாயிற்று. ரசிகர்கள் மகுடியைக் கேட்டதாகவே நம்பினர். மின்கருவி நம்மிடையே பெற்ற முதற்பெரும் வெற்றி, அது தன்னை மறைத்துக்கொண்டதால் வந்த வெற்றியாகும். கல்யாண்ஜியும் ரவியும் பின்னர் இசையமைப்பாளர்களாக உயர்ந்து தம் பெயரை நிலைநாட்டினர் என்பது ஆறுதல்.

பிந்தி வந்த புகழ்

எல்லோருக்கும் அவ்வாறு அமையவில்லை. 1969இல் ஆமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில், அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடரின் துணையோடு மூக் மின்னிசைக் கருவி நிறுவப்பட்டது. கீதா சாராபாய் அம்முயற்சிக்கு ஊக்கமளித்தவர். அங்கே இந்தியக் கலைஞர்கள் சிலர் பதிந்த நாடாக்கள் பல்லாண்டுகள் உறங்கிக்கிடந்து, 2023இல்தான் இசைத்தொகுப்பாக வெளிவந்தன. பம்பாய்த் திரையிசைக் குழுக்களில் வாசித்த சரண்ஜித் சிங், 1982இல் பத்து இராகங்களை மின்கருவிகளில் வாசித்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அன்று அதனைக் கேட்பாரில்லை. 2010இல் அது மறுபதிப்பானபோதே, காலத்தை முந்திய படைப்பென்று உலகம் வியந்தது. அவர் 2015இல் மறைந்தார்.

இதற்கிடையே கருவியின் இயல்பே மாறிவிட்டது. 1983இல் யமஹா நிறுவனத்தின் டிஎக்ஸ்7 வெளிவந்தபோது, ஆயத்த ஒலிகள் பல அதனுள்ளேயே அமைந்திருந்தன. ஒரு பொத்தானை அழுத்தினால் மணியொலி. மற்றொன்றை அழுத்தினால் குழலொலி. 1986இல் இளையராஜா இசையமைத்த 'புன்னகை மன்னன்' கணிப்பொறியின் துணையைத் தமிழ்த் திரையிசைக்குள் கொணர்ந்த படமெனப் பெயர்பெற்றது. 1992இல் 'ரோஜா' வந்தபின் மின்னிசை தமிழ் வீடுகளின் அன்றாட இசையாயிற்று. அதே காலத்தில், சென்னையிலும் பம்பாயிலும் ஒலிப்பதிவுக் கூடங்களை நிறைத்திருந்த வயலின் குழுக்கள் மெல்ல மெல்லச் சுருங்கின. அமெரிக்கச் சங்கத்தார் 1956இல் அஞ்சியது நம் கண்ணெதிரிலும் நிகழ்ந்தது.

இங்கே ஒரு வேறுபாட்டை நாம் மறத்தலாகாது. தெரமினும் பாரனும் சாலாவும் மூர்சினும் ஒலியைத் தேடிக் கருவி செய்தனர். அவர்தம் கருவி தவறினால் அதனைத் திறந்து பார்க்க அவர்களால் இயன்றது. ஆயத்த ஒலியை வாங்கிப் பயன்படுத்துவோர்க்கு அத்தேடல் இல்லை. மின்சாரம் இசையைக் கெடுப்பதில்லை. தேடாத செவியும் உழைக்காத கையுமே கெடுக்கின்றன. கல்யாண்ஜி விலைக்கு வாங்கிய கருவியைத்தான் வாசித்தார். ஆனால் மகுடியை அதனுள்ளிருந்து தம் விரலால் தேடி எடுத்தார்.

நம் இல்லங்களிலும் இத்தேடலின் பயன் உண்டு. 1970களின் இறுதியில், பெங்களூரில், புல்லாங்குழல் வல்லவரும் பொறியாளருமான ஜி. ராஜ்நாராயண் மின்னணுச் சுருதிப்பெட்டியை உருவாக்கும் பணியில் முன்னோடியாக விளங்கினார். வெளியூரில் வாழும் குடும்பங்களுக்குத் தம்புரா வைத்துக்கொள்ள இடமும் இல்லை, மீட்ட ஆளும் இல்லை. அவ்வீடுகளில் பிள்ளைகள் சரளிவரிசை பாடச் சுருதி தந்தது இத்தகைய சிறு பெட்டிதான். இசை அறிந்த ஒருவர் கையால் பிறந்தமையால் அது இசைக்குத் துணையாயிற்று.

தஞ்சாவூர் வீணைக்கு 2013இலும், நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022இலும் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊருக்குப் பெருமை வந்துவிட்டது. பலாமரத்தையும் ஆச்சாமரத்தையும் குடைந்த கைவினைஞர் பெயரை நாம் அறிவோமா? ஹாலிவுட் பாரன் இணையருக்குச் செய்த குறையை, நாம் நம் கைவினைஞருக்கு நாள்தோறும் செய்துவருகின்றோம். நம் சங்க மேடைகளில் நிகழும் கச்சேரிகளின் அழைப்பிதழில், பாடுவோர் பெயரும் பக்கவாத்தியம் வாசிப்போர் பெயரும் அச்சிடுகின்றோம். அவற்றின் கீழே, வீணை செய்தவர் இன்னார், மிருதங்கத்துக்குத் தோல் கட்டியவர் இன்னார் என்று ஒரு வரி சேர்ப்பதற்குச் செலவொன்றும் இல்லை. யாழைப் பாடிய புலவர் அதன் உறுப்புகளையும் பாடினார். அவ்வழியில் வந்த நாம் அந்த ஒரு வரியையேனும் எழுதுவோமாக.