உரோமையில் ஓர் ‘உண்மையின் வாய்’



உரோமாபுரிக்குத் திருயாத்திரை செல்வோர் பலர் தைபர் நதிக்கரையிலுள்ள கொஸ்மெதின் புனித மரியன்னை ஆலயத்துக்கும் செல்வதுண்டு. ஆனால் அங்கு வரிசையில் நிற்போரில் பெரும்பாலோர் ஆலயத்தைத் தரிசிக்க வந்தவர்கள் அல்லர். முகமண்டபச் சுவரோரம் நிறுத்தப்பட்டுள்ள ஒரு கல்முகத்தின் வாய்க்குள் கையை விட்டுப் பார்க்க வந்தவர்கள்! ‘போக்கா தெல்லா வெரித்தா’ என்பது அதன் இத்தாலியப் பெயர். ‘உண்மையின் வாய்’ என்பது பொருள். பொய்யன் கையை விட்டால் அது கடித்துத் துண்டித்துவிடும் என்பது நூற்றாண்டுகளாய் வழங்கிவரும் கதை.

அது வட்டமான ஒரு பளிங்குக் கல். குறுக்களவு சுமார் 1.75 மீட்டர், எடை சுமார் 1,300 கிலோ. தாடியுடன் கூடிய அம்முகம் பண்டை உரோமையர் வணங்கிய கடல் தேவனுடையது என்பர். கண்களும் நாசியும் வாயும் துளைகளாக உள்ளன. மழைநீர் வடியும் துவாரத்துக்கு மூடியாகவே இக்கல் செய்யப்பட்டது என்பது ஆராய்ச்சியாளர் பலருடைய கருத்து. அப்பகுதி முற்காலத்தில் மாட்டுச் சந்தை; நகரின் பெருஞ்சாக்கடை நதியில் கலப்பதும் அருகில்தான். இப்படிப்பட்ட கல்லைத்தான் இடைக்கால மக்கள் நீதிபதியாக்கினார்கள்! ஆலயத்தின் வெளிச்சுவரில் இருந்த அது 1632-இல் முகமண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்டது. 1953-இல் வெளிவந்த ‘ரோமன் ஹாலிடே’ என்ற திரைப்படம் அதன் புகழை உலகெங்கும் பரப்பியது.

இக்கல்லைப் பற்றி ஒரு பழங்கதை உண்டு. கற்பு தவறியதாகக் கணவனால் குற்றஞ்சாட்டப்பட்ட ஒரு பெண், கல்லின் முன் சத்தியம் செய்ய அழைத்து வரப்பட்டாள். அவளுடைய கள்ளக்காதலன், அவள் சொல்லி வைத்தபடி, பைத்தியக்காரனைப்போல் வேடமிட்டுக் கூட்டத்தில் புகுந்து அவளைக் கட்டித் தழுவினான். ஜனங்கள் அவனை விரட்டினார்கள். அவளோ கல்லின் வாயில் கையை வைத்து, தன் கணவனையும் இந்தப் பைத்தியக்காரனையும் தவிர வேறெவனும் தன்னைத் தழுவியதில்லை என்று சத்தியம் செய்தாள். சொன்ன சொல் உண்மை, கை தப்பியது. ஏமாந்த கல் அன்றுமுதல் யாரையும் கடிப்பதில்லையாம்.

கேட்டுச் சிரிக்கலாம். ஆனால் கதையின் கூர்மை நம்மையும் தொடுகிறது. வார்த்தையில் பிசகில்லாமலே பிறரை ஏமாற்ற முடியும். பொய்யைப் பற்றித் தனி நூல் எழுதிய புனித அகுஸ்தீனார், ஏமாற்றும் எண்ணத்தையே பொய்யின் வேராகக் கண்டார். கல்லால் சொல்லை மட்டுமே சோதிக்க முடியும். ஆண்டவரோ உள்ளத்தை அறிகிறார்.

அதே ஆலயத்துக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 6-ஆம் நூற்றாண்டில் ஏழைகளுக்கு உணவு பகிர்ந்தளித்த அறப்பணி இடமாக அது தொடங்கியது. 8-ஆம் நூற்றாண்டில் கீழைப் பேரரசர்கள் திருச்சுரூபங்களின் வணக்கத்தைத் தடைசெய்து துன்புறுத்தியபோது, தப்பிவந்த கிரேக்கக் கிறிஸ்தவர்கள் இங்கே அடைக்கலம் பெற்றார்கள். பாப்பரசர் முதலாம் ஆதிரியான் ஆலயத்தை விரிவாக்கினார். ‘அழகிய’ என்னும் பொருள்பட வந்த கிரேக்கப் பெயரே ‘கொஸ்மெதின்’. தங்கள் விசுவாசத்துக்கு மாறாக ஒரு சொல் சொல்லியிருந்தால் அம்மக்கள் தங்கள் ஊரிலேயே சுகமாய் வாழ்ந்திருக்கலாம். அவர்கள் கைக்குப் பயந்தவர்கள் அல்லர், மனச்சாட்சிக்குப் பயந்தவர்கள்.

வெளியே கதையின் கல். உள்ளே உண்மைக்காக ஊரை இழந்தோரின் நினைவு. முன்னதைப் பார்த்துவிட்டு உள்ளே நுழையாமலே திரும்புவோர் எத்தனை பேர்!

நம் நடுவிலும் எல்லைத் தகராறு உண்டு, பாகப்பிரிவினை உண்டு, நோயை மறைத்துப் பேசி முடிக்கும் கலியாணமும் உண்டு. “நான் பொய் சொல்லவில்லையே, கேட்டதற்குத்தான் பதில் சொன்னேன்” என்று சாதுரியமாய்த் தப்புவோரை நாம் அறிவோம். ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை என்று பேசும்படி மலைப்பொழிவில் ஆண்டவர் கற்பித்தார். மறைத்து வைத்த ஓர் உண்மையை உரியவரிடம் சொல்லிச் சமாதானமாகும் குடும்பம் ஒன்றே ஒன்று இருந்தாலும், அதுவே நம் பங்கின் பெரிய கொண்டாட்டமாகும்.